இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைப்பது எப்படி? வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

போன மார்கழியில் ஒருநாள் இரவு ஒன்றரை மணிக்கு டாலஸிலிருந்து தம்பி கூப்பிட்டான். ஊரில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மறுநாளே அறுவை சிகிச்சை. அவன் அமெரிக்கக் குடிமகனாக உறுதிமொழி எடுத்து நாலே நாள்தான் ஆகியிருந்தது. அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு இன்னும் விண்ணப்பிக்கக்கூட இல்லை. அலமாரியில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது, இன்னும் நாலு வருஷத்துக்குச் செல்லும் என்ற தேதியோடு.

"அக்கா, இதுலயே போயிட்டு வந்துடறேன். தேதி இருக்குல்ல? யாருக்குத் தெரியப்போகுது?"

"டேய், அந்தப் பாஸ்போர்ட் செத்துப்போச்சுடா. நீ கையைத் தூக்கி உறுதிமொழி சொன்னியே, அன்னைக்கே."

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மாவைப் பார்க்கப் போக அவனுக்கு நேரான வழி ஒன்று இருந்தது, அந்த வழியிலேயே போனான். அதைக் கீழே சொல்கிறேன். அவன் கேட்ட அதே கேள்வியை அதற்கப்புறம் நாலைந்து பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அதனால்தான் முழுவதையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் நியூஜெர்சியில் இருப்பதால் படிவமும் நடைமுறையும் பெரும்பாலும் அமெரிக்காவை ஒட்டியே இருக்கும். கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜெர்மனியில் இருப்பவர்களுக்கும் சட்டம் இதேதான், விண்ணப்பம் போய்ச் சேரும் இடமும் கட்டணமும்தான் மாறும். இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். அங்கே இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே சட்டத்தில் வழி உண்டு, அது தனிக் கதை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அரசியல் சாசனத்தின் 9-ஆவது உறுப்பிலேயே அது இருக்கிறது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு இன்னும் தெளிவாகச் சொல்கிறது: இந்தியக் குடிமகன் ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால், அந்த நொடியே அவருடைய இந்தியக் குடியுரிமை முடிந்துபோகிறது. யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை, நீங்களும் எதிலும் கையெழுத்திட வேண்டியதில்லை.

பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். "இன்னும் சரண்டர் பண்ணலை, அதனால இன்னும் இந்தியக் குடிமகன்தான்" என்று நினைக்கிறார்கள். பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததும் தரும் துறப்புச் சான்றிதழ் உங்கள் குடியுரிமையை முடித்துவைப்பதில்லை. முன்பே முடிந்துவிட்டதைப் பதிவு செய்கிறது, அவ்வளவுதான். அந்தச் சான்றிதழை வாங்க எத்தனை வருஷம் தள்ளிப்போட்டாலும் அத்தனை வருஷமும் நீங்கள் வெளிநாட்டவர்தான். அந்த வெளிநாட்டவர் கையில் செல்லாத இந்தியப் பாஸ்போர்ட் ஒன்று இருக்கிறது.

இன்னொரு குழப்பம் புதிதாக வந்திருக்கிறது. 2024 ஜூன் 27 முதல் ஜெர்மனி பல குடியுரிமைகளை அனுமதிக்கிறது. "இனிமே இந்தியப் பாஸ்போர்ட்டையும் வெச்சுக்கலாமாமே" என்று ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு தோழி கேட்டாள். ஜெர்மனி கேட்பதை நிறுத்திவிட்டது என்பது உண்மைதான். ஆனால் இந்தியா கொடுக்கத் தொடங்கவில்லையே. ஆஸ்திரேலியா 2002-லிருந்தும், கனடா 1977-லிருந்தும் தங்கள் பக்கம் தடை இல்லாமல்தான் வைத்திருக்கின்றன. நம்முடைய முடிச்சு எப்போதும் இந்தியப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது.

இந்த வழியில் போகிறவர்கள் கொஞ்சப் பேரும் அல்ல. நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த கணக்குப்படி 2022-இல் 2,25,620 பேரும் 2023-இல் 2,16,219 பேரும் இந்தியக் குடியுரிமையைத் துறந்தார்கள்.

உறுதிமொழிக்கு முன்பே யோசிக்க வேண்டியவை

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான பகுதி இதுதான். மற்றதெல்லாம் காகித வேலை, தவறினால் திருத்திக்கொள்ளலாம். இங்கே எடுக்கும் முடிவைத் திருப்புவது கடினம்.

குடியுரிமை போன பிறகு நமக்குக் கிடைப்பது ஓசிஐ அட்டை, அதாவது 'இந்திய வெளிநாட்டுக் குடியுரிமை' அட்டை. 2005-இல் வந்த திட்டம் அது. வாழ்நாள் முழுக்க விசா இல்லாமல் வந்துபோகலாம், எவ்வளவு நாள் தங்கினாலும் காவல்துறைப் பதிவு வேண்டாம், வீடு வாங்கலாம், வங்கிக் கணக்கு வைக்கலாம். ஆனால் பெயரில் 'குடியுரிமை' என்ற சொல் இருந்தாலும் அது குடியுரிமை ஆகாது. ஓட்டு கிடையாது, தேர்தலில் நிற்க முடியாது, அரசு வேலைக்குப் போக முடியாது. 2021 மார்ச் 4-ஆம் தேதி வந்த அறிவிக்கையின்படி ஆராய்ச்சி, பத்திரிகைப் பணி, மதப் பிரசாரம், மலையேற்றம் போன்றவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். நீட், ஜேஇஇ எழுதும் ஓசிஐ பிள்ளைகள் என்ஆர்ஐ இடங்களுக்குத்தான் போட்டியிட முடியும். அந்தத் தேதிக்கு முன்பே அட்டை வாங்கியவர்களுக்கு இது பொருந்தாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் இனி வாங்கப்போகிறவர்களுக்குப் பொருந்தும்.

நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேருக்கு ஒரு கனவு இருக்கிறது: ஐம்பத்தைந்து வயதில் திரும்பிப் போய் நாலு ஏக்கர் வாங்கி, ஒரு கிணறு வெட்டி, தென்னை வைப்பது. ஓசிஐ அட்டை தரும் உரிமைப் பட்டியலில் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்குவது இல்லை. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருக்கும்போதும் இவற்றை வாங்க முடியாதுதான். ஆனால் அப்படி இருப்பவர் நிரந்தரமாக ஊர் திரும்பிவிட்டால் அந்தத் தடை விலகிவிடும். ஓசிஐக்காரருக்கு அந்த வாசல் இல்லை. அப்பா பெயரில் இருக்கும் நஞ்சை வாரிசாக வருவதற்குத் தடை இல்லை. நீங்கள் இந்தியாவில் வாழ்ந்த காலத்தில் வாங்கியதையும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு தொடர்ந்து வைத்திருக்க விடுகிறது. புதிதாக வாங்குவதுதான் முடியாது. கனவு அதுதான் என்றால், உறுதிமொழி நாளுக்கு முன்பே கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். இருவரில் ஒருவர் மட்டும் குடியுரிமை மாறிக்கொண்டு மற்றவர் கிரீன் கார்டிலேயே இருக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

குழந்தைகள் விஷயம் இன்னும் நுட்பமானது. குடியுரிமைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவின்படி ஒருவர் தானாக அறிவித்துக் குடியுரிமையைத் துறந்தால் அவருடைய மைனர் பிள்ளையும் குடியுரிமையை இழக்கும். ஆனால் அந்தப் பிள்ளை 18 வயது முடிந்து ஓராண்டுக்குள் அறிவிப்பு கொடுத்து அதைத் திரும்பப் பெறலாம். இந்த வழியை நம்பி இருந்தவர்கள் பலர். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற தமிழ்ப் பெற்றோரின் மகன் ஒருவர் இதன்படி கேட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றார். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதால் தானாக முடிந்தது 9-ஆவது பிரிவில் வரும், 8-ஆவது பிரிவின் சலுகை அதற்குக் கிடையாது என்பது தீர்ப்பு. நாம் எல்லோருமே 9-ஆவது பிரிவுக்காரர்கள்தான். "பையன் பெரியவனானா வேணும்னா வாங்கிக்கட்டும்" என்ற ஆறுதலை இனி வைத்துக்கொள்ள வேண்டாம்.

திரும்பி வர வழியே இல்லையா என்றால், இருக்கிறது, நீளமானது. ஓசிஐயாக ஐந்து ஆண்டு பதிவில் இருந்து, விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் இந்தியாவில் வசித்தவர் 5-ஆவது பிரிவின் கீழ்ப் பதிவு கேட்கலாம். அப்போது இங்கே பெற்ற குடியுரிமையைக் கைவிட வேண்டியிருக்கும்.

பெயர்: தமிழர்களுக்கென்றே ஒரு படி

துறப்பு விண்ணப்பம் தாமதமாக நான் பார்த்த காரணங்களில் பாதிக்கு மேல் பெயர்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் உண்டு. பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலை விரித்து எழுதியவர் ஒருவர், அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டவர் ஒருவர், அந்தக் கட்டத்தையே காலியாக விட்டவர் ஒருவர். காலியாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று மூன்று எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். வருஷக் கணக்காக அதைச் சுமந்தவர்கள் குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவத்தில் பெயரை மாற்றிக்கொள்ள வாய்ப்பு வந்ததும் மாற்றிவிடுகிறார்கள். ரொம்ப நல்லது. ஆனால் அதற்குப் பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், குடியுரிமைச் சான்றிதழில் வேறு பெயர்.

நீங்களும் மாற்றினால் நீதிமன்றத்தின் பெயர் மாற்ற உத்தரவை மூலப்பிரதியாக வாங்கி வையுங்கள். திருமணத்தால் மாறியதென்றால் திருமணச் சான்றிதழ். இரண்டும் இல்லாமல் வெறும் எழுத்து வேறுபாடு, இனிஷியல் விரிவு என்றால் 'இரண்டு பெயரும் ஒரே நபர்' என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம். இதை முன்கூட்டியே சேர்த்து அனுப்புங்கள். கேட்ட பிறகு அனுப்பலாம் என்று இருந்தால் கட்டு முழுவதும் திரும்பி வரும்.

உறுதிமொழி நாளன்று சான்றிதழ் கையில் வந்ததும் கட்டிப்பிடிப்பு, போட்டோ எல்லாம் ஒரு நிமிடம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரின் எழுத்து, பிறந்த தேதி, நாடு இவற்றை அங்கேயே சரிபாருங்கள். பிழை இருந்தால் அந்த மேசையிலேயே சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் தனி விண்ணப்பம், தனிக் காத்திருப்பு.

புதிய பாஸ்போர்ட்

அடுத்த வேலை இது. அமெரிக்காவில் டிஎஸ்-11 படிவத்தோடு குடியுரிமைச் சான்றிதழின் மூலத்தையே அனுப்ப வேண்டும். அது தனி உறையில் பிறகு திரும்பி வரும். அனுப்பும் முன் நல்ல வண்ண நகல் நாலைந்து எடுத்து வையுங்கள், துறப்புக்கும் ஓசிஐக்கும் வேண்டும். புதிய பாஸ்போர்ட் வரும் வரை இந்தியப் பயணம் எதற்கும் டிக்கெட் போடாதீர்கள்.

பெரிய அவசரம் வந்தால் என்ன செய்வது? தம்பி செய்ததைச் சொல்கிறேன். நெருங்கிய உறவு உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தால் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பாஸ்போர்ட் ஏஜென்ஸிகளில் அவசர நேரம் ஒதுக்குவார்கள். மருத்துவமனைக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி அச்செடுத்து, குடியுரிமைச் சான்றிதழோடு நேரில் போய்ப் பாஸ்போர்ட் வாங்கினான். பிறகு இந்தியத் தூதரகத்தில் அவசர விசா. அங்கே பழைய பாஸ்போர்ட்டையும் காட்டி, உறுதிமொழி எடுத்த தேதியை மறைக்காமல் சொன்னான். ஆறாம் நாள் அம்மாவின் கட்டிலருகே இருந்தான். அம்மா கண் விழித்து, "எப்படா வந்தே?" என்று கேட்டதை என்னிடம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பழைய பாஸ்போர்ட்டில் போயிருந்தால்? அமெரிக்கக் குடிமக்கள் அமெரிக்கப் பாஸ்போர்ட்டில்தான் நாட்டுக்குள் நுழைய வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும்போது விமான நிறுவனமே "அமெரிக்காவுக்குள் போக விசா எங்கே?" என்று கேட்கும். கிரீன் கார்டோ உறுதிமொழி நாளன்றே திருப்பி வாங்கப்பட்டுவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்டிருப்பான். இதைவிடப் பெரிய தவறு, குடியுரிமை மாறிய பிறகு அதை மறைத்து இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பது. பாஸ்போர்ட் சட்டம் 1967-இன் 12-ஆவது பிரிவில் குறைந்தது ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை, 10,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது.

துறப்பு விண்ணப்பம்

2010 ஜூன் 1-ஆம் தேதி ஒரு கோடு மாதிரி. அதற்கு முன் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களுக்கு நடைமுறை எளிது, கட்டணமும் குறைவு. பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே 'ரத்து' முத்திரை வாங்கியிருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். வயதான அத்தை மாமா யாராவது அந்தக் காலத்தில் மாறியிருந்தால் அவர்களின் பழைய பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ பெற்றவர்கள் முழு விண்ணப்பம் செய்ய வேண்டும்.

எங்கே விண்ணப்பிப்பது என்பது நீங்கள் வசிக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. அமெரிக்காவில் வாஷிங்டன் தூதரகமும், நியூயார்க், சிகாகோ, ஹூஸ்டன், சான் பிரான்சிஸ்கோ, அட்லாண்டா, 2023-இல் சேர்ந்த சியாட்டில் போன்ற துணைத் தூதரகங்களும் மாநிலங்களைப் பிரித்து வைத்திருக்கின்றன. முகவரிச் சான்று அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். வீடு மாறப்போகிறீர்கள் என்றால் மாறிவிட்டு விண்ணப்பியுங்கள்.

வெளிநாட்டுத் தூதரகங்களுக்கான பாஸ்போர்ட் சேவா தளத்தில் கணக்குத் திறந்து, 'சரண்டர் சர்டிபிகேட்' என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்து நிரப்புங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுத வேண்டும், புதிய பெயரை அல்ல. நிரப்பியதை அச்செடுத்து, தூதரகம் நியமித்திருக்கும் சேவை மையத்தின் தளத்திலும் பதிந்து, கட்டணம் கட்டி, அவர்கள் தரும் சரிபார்ப்புப் பட்டியல் வரிசையில் அடுக்குங்கள். பொதுவாகக் கேட்பவை இவை:

- கடைசியாக வாங்கிய இந்தியப் பாஸ்போர்ட்டின் மூலம், அதன் முதல், கடைசிப் பக்க நகல்
- குடியுரிமைச் சான்றிதழ் நகல், புதிய பாஸ்போர்ட் நகல்
- வெள்ளைப் பின்னணியில் இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குலப் புகைப்படம்
- முகவரிச் சான்று: ஓட்டுநர் உரிமம் அல்லது மின் கட்டண ரசீது
- பெயர் மாறியிருந்தால் மேலே சொன்ன பத்திரங்கள்
- மைனர் என்றால் பெற்றோர் இருவரின் கையெழுத்தும் அடையாள நகலும்

கட்டணத்தை இங்கே நான் எழுதவில்லை. நாட்டுக்கு நாடு வேறு, சேவைக் கட்டணமும் கூரியரும் தனி. அனுப்பும் அன்று உங்கள் தூதரகத் தளத்தில் இருப்பதே சரி. குடியுரிமை மாறிய பிறகும் இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்திருந்தாலோ, மூன்று ஆண்டுக்கு மேல் ஒப்படைக்காமல் வைத்திருந்தாலோ அபராதம் சேர்ந்து வரும். அப்படி நடந்திருந்தால் மறைக்காதீர்கள். பாஸ்போர்ட்டில் ஒவ்வொரு முத்திரையும் தேதியோடு இருக்கிறது, அதை முதலில் பார்ப்பதே அவர்கள் வேலை. அபராதத்தைக் கட்டிவிட்டால் கணக்கு முடிந்தது.

என் சொந்த விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. காரணம் கையெழுத்து. படிவத்தில் சிறு கட்டம் ஒன்று இருந்தது, என் கையெழுத்தின் கடைசிச் சுழிப்பு கோட்டைத் தொட்டுவிட்டது. நூலளவு. மூன்று வாரம் போயிற்று. அதிலிருந்து யாருக்கு உதவினாலும் முதலில் வெறும் தாளில் பத்து முறை சின்னதாகக் கையெழுத்துப் போட்டுப் பழகச் சொல்கிறேன், நீலம் அல்லது கறுப்பு என்று எந்த மை கேட்டிருக்கிறார்களோ அதே மையில்.

பாஸ்போர்ட் தொலைந்திருந்தால் இன்னொரு சுற்று உண்டு. உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் செய்து அதன் நகல் வாங்குங்கள். தொலைந்த விதத்தை எழுதி நோட்டரி முன் கையெழுத்திடுங்கள். பாஸ்போர்ட் எண், வழங்கிய தேதி, வழங்கிய அலுவலகம் மூன்றையும் எப்படியாவது தேடுங்கள். பழைய விசா விண்ணப்பம், கிரீன் கார்டுக் கோப்பு, வக்கீல் அலுவலகம், ஊரில் அப்பாவின் பீரோ என்று ஏதாவது ஒன்றில் நகல் இருக்கும். வழங்கிய அலுவலகத்திடம் கேட்டுச் சரிபார்ப்பதால் நாள் கூடும்.

குழந்தைகளை மறந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 18 வயதுக்குள் கிரீன் கார்டோடு குடிமக்களான பெற்றோருடன் வசிக்கும் பிள்ளை 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி தானாகவே குடியுரிமை பெற்றுவிடுகிறது. அதற்கு உறுதிமொழி விழா ஒன்றும் நடப்பதில்லை. அதனாலேயே பலர் பிள்ளையின் இந்தியப் பாஸ்போர்ட்டைக் கவனிப்பதில்லை. அதற்கும் தனி விண்ணப்பம் வேண்டும்.

இந்தியாவில் தங்கியிருக்கும்போதே இதைச் செய்ய நேர்ந்தால், அங்குள்ள பாஸ்போர்ட் அலுவலகத்திலும் ஒப்படைக்கலாம். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை நான்கிலும் அலுவலகங்கள் உண்டு.

சான்றிதழ் வந்ததும்

உறையில் இரண்டு வரும். ஒன்று துறப்புச் சான்றிதழ். இன்னொன்று உங்கள் பழைய பாஸ்போர்ட், மூலை வெட்டப்பட்டு, 'ரத்து' முத்திரையோடு. என்னுடையது திருச்சியில் வாங்கியது. அட்டையின் மூலையில் கத்தரி போன இடத்தில் நூல் ஒன்று பிரிந்து தொங்கியது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அந்த இந்தியப் பாஸ்போர்ட்டில் அந்தப் பக்கம் இருந்தது: அப்பா பெயர், அம்மா பெயர், ஊர் முகவரி. என் அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் அப்பாவுக்கு இடமில்லை. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிவிட்டிருந்தது. சமையலறை மேசையில் அதை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் இந்திய வம்சாவளி என்பதற்கு முதல் ஆதாரம் அதுதான். ஓசிஐ விண்ணப்பத்துக்குத் துறப்புச் சான்றிதழும் அதுவும் சேர்ந்தே போக வேண்டும். பத்து, இருபது வருஷம் கழித்து உங்கள் பிள்ளையோ பேரனோ ஓசிஐ கேட்கும்போதும் அதைத்தான் தேடுவார்கள். இரண்டையும் முழுதாக ஸ்கேன் செய்து, ஒரு நகலை ஊரில் நம்பிக்கையானவர் கையிலும் கொடுத்து வையுங்கள்.

ஓசிஐ

தாமதிக்காமல் விண்ணப்பியுங்கள். ஓசிஐ தளத்தில் படிவம் இரண்டு பகுதி. வெளிநாட்டில் விண்ணப்பிக்கும் பெரியவர்களுக்கு நெடுங்காலமாக 275 டாலர், சேவைக் கட்டணம் தனி. பிறந்த ஊரைக் கேட்கும் இடத்தில் கவனம். அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் 'இந்தியா' என்று மட்டும் இருக்கும். ஊர்ப் பெயரை இந்தியப் பாஸ்போர்ட்டில் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அப்படியே எடுத்து எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் திருச்சிராப்பள்ளி என்றால் படிவத்திலும் அதேதான், நாம் பேசும் திருச்சி அல்ல. தஞ்சாவூர், தூத்துக்குடி, உதகைக்காரர்களுக்கும் இதே எச்சரிக்கை. பழைய ஆங்கிலப் பெயரும் புதிய பெயரும் கலந்து சான்றிதழ்களில் கிடக்கும்.

பெற்றோர், தாத்தா பாட்டி, கொள்ளுத்தாத்தா வரை யாராவது பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமக்களாக இருந்திருந்தால் ஓசிஐ கிடையாது. அட்டை வரும் வரை ஊருக்குப் போக வேண்டியிருந்தால் புதிய பாஸ்போர்ட்டில் விசா எடுத்துப் போங்கள்.

ஊரில் முடிக்க வேண்டியவை

வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் 7-ஆம் படிவம் கொடுத்து நீக்குங்கள். குடிமகன் அல்லாதவர் பட்டியலில் இருக்கவே கூடாது. ஊரில் யாரோ உங்கள் பெயரில் ஓட்டுப் போட்டால் கேள்வி உங்களிடம்தான் வரும். குடும்ப அட்டையிலிருந்தும் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். பான் அட்டையை ரத்து செய்ய வேண்டாம், வாடகையோ வட்டியோ வரும் வரை தேவைப்படும். வங்கிக்கு எழுதி, புதிய பாஸ்போர்ட், ஓசிஐ நகல் கொடுத்துக் கணக்கு விவரத்தை மாற்றுங்கள். இன்னும் சாதாரண சேமிப்புக் கணக்காகவே ஓட்டிக்கொண்டிருந்தால் அதை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவருக்கான ரூபாய்க் கணக்கு) மாற்றும் வேலையையும் கையோடு முடியுங்கள். ஆதார் குடியுரிமைச் சான்று அல்ல, அதை வைத்துக்கொண்டு "நான் இந்தியன்தான்" என்று எந்தப் படிவத்திலும் டிக் அடிக்காதீர்கள்.

வீடு, மனை விஷயமாக அண்ணனுக்கோ தம்பிக்கோ பவர் எழுதிக் கொடுத்திருந்தால் அதில் உங்கள் பழைய பாஸ்போர்ட் எண்ணும் 'இந்தியக் குடிமகன்' என்ற சொல்லும் இருக்கும். விற்பனை எதுவும் நடக்கும் முன் புதிய பவர் எழுதுங்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கூரியர் உறையைக் கிழித்துப் போடாமல் வைக்கச் சொல்லுங்கள், வந்து சேர்ந்த தேதிக்கு அது உதவும்.

கடைசியாக ஒன்று. ஓசிஐ வாங்கிய பிள்ளைக்கு 20 வயது ஆகும் வரை ஒவ்வொரு புதிய பாஸ்போர்ட் வரும்போதும் அதன் நகலையும் புதுப் புகைப்படத்தையும் மூன்று மாதத்துக்குள் ஓசிஐ தளத்தில் ஏற்ற வேண்டும். 20 முடிந்த பின் வரும் முதல் பாஸ்போர்ட்டோடு அட்டையையே ஒருமுறை புதிதாக வாங்க வேண்டும். 50 வயதுக்கு மேல் பாஸ்போர்ட் மாற்றுகிறவர்கள் ஒருமுறை நகல் ஏற்றினால் போதும். அமெரிக்காவில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை முடியும், அந்தத் தேதிகளை இன்றே நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.